தனிக்கட்டைக்குப் பூனை: வேலூரில் வளர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தனியாகக் குடியிருக்கும் ஓர் ஆணுக்குப் பூனை ஏற்ற பிராணிதானா என்று கேட்டால், ஏற்றதுதான், ஆனால் பூனையைத் தேடுவதற்கு முன் ஓர் ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பேன். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். சத்துவாச்சாரியில் மாடியில் ஓர் அறையும் சமையலறையுமாக இருந்த வாடகை வீட்டுக்கு, மழை இரவொன்றில் அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டு, செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நாயைப் போலக் காலையும் மாலையும் தெருவுக்கு அழைத்துப் போக வேண்டிய தேவை பூனைக்கு இல்லை. வளர்ந்த பூனை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்குவதால், காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத் திரும்பும் மருத்துவமனை ஊழியரோ, இராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ தோல் தொழிற்சாலை வேலைக்குப் போய்வருபவரோ பூனை வளர்க்கத் தடை ஏதும் இல்லை. சிக்கல் பகலில் இல்லை, நீங்கள் வீட்டுக்கு வராத இரவுகளில்தான் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. சாவியை ஒப்படைக்க ஓர் ஆளைப் பிடியுங்கள்

குடும்பமாக இருப்பவர்கள் வீட்டில் யாரேனும் ஒருவர் இருப்பார். நமக்கு அப்படி இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவோம், அலுவலகம் திடீரென்று வெளியூருக்கு அனுப்பும், காய்ச்சல் வந்தால் நாமே படுத்துவிடுவோம். இந்த மூன்றுக்கும் பதிலாக, நடந்தே வரக்கூடிய தூரத்தில், பூனையைத் தொட அஞ்சாத ஒருவர் வேண்டும். அவர் நண்பராக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். பணம் கொடுத்து அமர்த்தினாலும் தவறில்லை. நான் இப்போது ஒரு வருகைக்கு நூறு ரூபாய் கொடுக்கிறேன்.

முதல் பொங்கலுக்கு நான் செய்தது இதுதான்: போகியன்று காலை ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தீனியும் இரண்டு கிண்ணம் தண்ணீரும் வைத்துவிட்டு, கீழ் வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "தினமும் ஒரு தரம் பார்த்துக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டுப் போளூர்ப் பேருந்தில் ஏறிவிட்டேன். அவன் சொன்ன சொல் தவறாமல் தினமும் பார்த்தான். கிண்ணம் நிறைந்திருந்ததால் பூனைக்குப் போதுமான சாப்பாடு இருக்கிறது என்று எண்ணிக் கதவைப் பூட்டிக்கொண்டு போனான். நான் திரும்பி வந்தபோது, வைத்த தீனி வைத்தபடியே நமுத்துப்போயிருந்தது. பூனை பரணில் பழைய சூட்கேசுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு மஞ்சளாகத் தெரிந்தது. தொடர்ந்து சில நாள் உண்ணாமல் இருக்கும் பூனைக்கு உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே செயலிழக்கக்கூடும் என்பதை மருத்துவர் அன்றுதான் எனக்கு விளக்கினார். ஐந்து நாள் டிரிப், ஊசிக்குழாயில் கூழாக்கிய உணவு என்று ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் ஆனது. பிழைத்துக்கொண்டது.

தவறு பையனுடையது அன்று. எதைப் பார்க்க வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது சாவியோடு ஒரு தாளும் கொடுக்கிறேன். அதில் மூன்றே வரிகள்: கிண்ணத்தில் தீனி குறைந்திருக்கிறதா, கழிப்புத் தட்டில் (பூனை கழிப்பதற்கு மணல் பரப்பிய தட்டு) சிறுநீர் பட்டு உருண்ட மணல் கட்டியும் மலமும் இருக்கின்றனவா, பூனையைக் கண்ணால் பார்த்தீர்களா. மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் எனக்கு அழைக்க வேண்டும். தினமும் பூனையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தீனிக் கிண்ணத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள்.

இப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பூனையைத் தள்ளிப்போடுங்கள்.

2. வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

திருமணமாகாதவனுக்கு வீடு கொடுக்கவே தயங்கும் ஊரில் பூனையையும் சேர்த்துக் கேட்பது எளிதன்று. "தனி ஆளுக்கு வீடு குடுத்ததே பெருசு, இதுல பூனை வேறயா?" என்று காகிதப்பட்டறையில் ஓர் அம்மாள் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவராவது நேரடியாகச் சொன்னார். அதற்கு முந்தைய வீட்டில் உரிமையாளரின் மனைவி "வச்சுக்கோப்பா, எலித் தொல்லை குறையும்" என்று வாய்மொழியாகச் சம்மதித்தார். நான்கு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து வந்த அவர் மகன், அப்படி யாரும் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். ஒரு மாத அவகாசத்தில் வீடு மாற நேர்ந்தது. ஏற்று இறக்குக் கூலி, புது வீட்டின் முன்பணம், தரகருக்கு ஒரு மாத வாடகை எல்லாம் என் தலையில்தான் விழுந்தன.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள். நான் பயன்படுத்தும் வாசகம்: "வாடகைதாரர் கருத்தடை செய்யப்பட்ட ஒரு பூனையை வீட்டினுள் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். பூனையால் ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தருவார்." ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்றால், இதே வாசகத்தைத் தனித்தாளில் எழுதித் தேதியிட்டு இருவரும் கையொப்பமிட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது இந்தப் பத்தி விடுபட்டுப் போவது வழக்கமான பொறி. தட்டச்சுக் கடையில் பழைய வார்ப்பையே எடுத்து அச்சிட்டுவிடுவார்கள், நாமும் படிக்காமல் கையொப்பமிடுவோம்.

"கருத்தடை செய்யப்பட்ட" என்ற சொல் முக்கியம். உரிமையாளர்கள் அஞ்சுவது ஒரு பூனைக்கு அல்ல, அது ஏழாகிவிடும் என்பதற்குத்தான்.

3. சன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள்

கொசுவுக்கு அடிக்கும் நைலான் வலையைப் பூனை ஒரே இரவில் கிழித்துவிடும். இரும்புக் கம்பி வலையை மரச்சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ வைத்து அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு சன்னலுக்கும் சமையலறைக் காற்றுப்போக்கிக்கும் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் ஆனது. வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகும்படி திருகாணி வைத்து அடித்தால் அடுத்த வீட்டிலும் உதவும். வேலை தெரிந்த தச்சர் "நாளைக்கு வரேன்" என்று சொன்னால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பூனை வருமுன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பூனையைத் தெருவில் உலவவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கிராமத்தில் அப்படித்தான் வளர்ந்தன. வேலூர்த் தெருக்களில் வாகனமும் தெருநாயும் போதாதென்று, கடைகளிலும் கிடங்குகளிலும் எலி மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்ற பூனையும் சாகக்கூடும்.

அதே நாளில் வீட்டிலிருந்து அகற்ற வேண்டியவை: அந்துருண்டை, தரை துடைக்கும் பினாயில், நாய்க்கு உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரின் கலந்த மருந்து. பினாயில் தடவிய தரையில் நடந்த பூனை தன் பாதத்தை நக்கும், அந்த நஞ்சை உடைக்கும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. பூங்கொத்தில் வரும் லில்லி மலரின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தனியாக வாழும் ஆணின் வீட்டில் பூங்கொத்துக்கு வேலை ஏது என்பது வேறு விஷயம்.

4. எந்தப் பூனை, எங்கிருந்து

பெர்சியன் வேண்டாம். இந்த ஊரின் வெயிலில் அந்த அடர்ந்த முடியோடு அது படும் பாடும், தினமும் சீவாவிட்டால் முடி சடைபிடித்துத் தோலை இழுக்கும் கொடுமையும், வேலைக்குப் போகும் தனி ஆளால் சமாளிக்கக்கூடியவை அல்ல. விலையும் பல ஆயிரம். நாட்டுப் பூனை இலவசமாகவே கிடைக்கும். கோடையில் தெருவுக்குத் தெரு குட்டிகள் இருக்கும்.

குட்டியா, வளர்ந்ததா என்பதில் என் கருத்து உறுதியானது: நீங்கள் பத்து மணி நேரம் வெளியே இருப்பவர் என்றால், ஒரு வயது கடந்த, மனிதரோடு பழகிய பூனையை எடுங்கள். தனியே அடைத்துவைத்த ஒற்றைக் குட்டி திரைச்சீலையையும் சார்ஜர் வயரையும் உங்கள் கணுக்காலையும் கடித்துத்தான் வளரும். குட்டிதான் வேண்டும் என்றால் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று விளையாடிக் களைத்துத் தூங்கிவிடும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கண்கள் இன்னும் நீலமாகவே இருந்தால் பெரும்பாலும் அந்த வயது ஆகவில்லை என்று கொள்ளலாம்.

கரும்புத் தோட்டத்தில் வெட்டு நடக்கும்போது கிடைத்ததாகச் சொல்லி யாரேனும் குட்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். நம் பகுதிக் கரும்புக் காடுகளில் காட்டுப்பூனை குட்டி போடும். நீண்ட காலும், உடலுக்குக் குட்டையான வாலும், வால் நுனியில் கறுப்பு வளையமும், காது முனையில் சிறு முடிக்கற்றையும் அதன் அடையாளங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். குட்டி கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டால் தாய் இரவில் வந்து தூக்கிப் போய்விடும். இயலாதபோது வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

யாரிடமிருந்தேனும் தத்தெடுத்தால், கொடுத்தவர் பெயர், தேதி, பூனையின் நிறம், போட்ட ஊசிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாக வளர்ந்த பின் "என் பூனை" என்று கேட்டு வருபவர்கள் உண்டு.

5. முதல் வாரம்: மருத்துவரும் தடுப்பூசி அட்டையும்

பிளாஸ்டிக் கூடையோ அட்டைப்பெட்டியோ போதாது. பூட்டுள்ள கூண்டுப்பை ஒன்று, ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள், முதலிலேயே வாங்குங்கள். ஆட்டோவில் போகும்போது ஹாரன் சத்தத்தில் துள்ளி ஓடிய பூனையை கிரீன் சர்க்கிளில் எங்கே போய்த் தேடுவது?

அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, ஆனால் மாடும் ஆடும் நாயும் நிற்கும் வரிசையில் பூனை மிரண்டுவிடும். காலையில் முதல் ஆளாகப் போய், கூண்டுப்பையின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவையுங்கள். தனியார் மருத்துவரிடம் போவதானால், பூனைகளுக்கு வழக்கமாக வைத்தியம் பார்ப்பவர்தானா என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிகள் இரண்டு வகை. குடல் நோயான பன்லுக்கோபீனியாவையும் இரண்டு வகைச் சளி நோய்களையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் ஆனபின், பிறகு மருத்துவர் குறிக்கும் தேதியில் மறுபடியும். எனக்குக் கூட்டு ஊசி ஒவ்வொரு முறையும் தொள்ளாயிரம் ரூபாயும், வெறிநோய் ஊசி முந்நூறு ரூபாயும் ஆயின. குடற்புழு மருந்து நூறு ரூபாய்க்குள் முடியும்.

அட்டை இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டு வராதீர்கள். மருந்துக் குப்பியில் இருக்கும் ஒட்டுவில்லையை உரித்து அட்டையில் ஒட்டி, தேதியிட்டு, மருத்துவர் கையொப்பமும் முத்திரையும் வைத்திருக்க வேண்டும். முதல் ஊசியை நான் வெறும் மருந்துச்சீட்டில் எழுதி வாங்கி வந்தேன். சீட்டு தொலைந்தது. அடுத்து பார்த்த மருத்துவர் நியாயமாகவே, ஆதாரம் இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துச் சாவி வைத்திருக்கும் ஆளுக்கும் அனுப்பி வையுங்கள்.

ஊசி போட்ட பூனையாக இருந்தாலும், கடித்தோ பிராண்டியோ இரத்தம் வந்தால் ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே பென்ட்லேண்ட் அரசு மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். "வீட்டுப் பூனைதானே" என்று மஞ்சளைத் தடவிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

6. சாப்பாடும் கழிப்புத் தட்டும்

நம் வீடுகளில் பூனைக்குப் பாலும் தயிர்ச்சோறும்தான் வழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஆகும். சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவே. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். ஆகவே சைவ வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நாய்த் தீனியைப் பூனைக்கு வைப்பதும் கூடாது.

நான் காலையில் உலர்தீனியும், இரவில் உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மத்தி மீனோ கோழியோ கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வேகவைத்துச் சிறு டப்பாக்களில் உறையவைத்தால் பாதி வாரம் ஓடும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பொட்டலத்தில் மிஞ்சிய ஆம்பூர் பிரியாணியின் கறித்துண்டை எடுத்துப் போடும் ஆசை எனக்கும் இருந்தது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று தெரிந்தபின் விட்டுவிட்டேன்.

கழிப்பதற்கு மணல் வேண்டும். கடையில் "கேட் லிட்டர்" என்று கேட்டால்தான் புரியும். சிக்கனம் என்று கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த எம்-சாண்டை ஒரு வாளி அள்ளி வந்து போட்டுப் பார்த்தேன். தலையணை உறை வரை தூசி படிந்தது. கட்டி பிடிக்கும் களிமண் லிட்டர்தான் தனி ஆளுக்குச் சரி. காலையும் இரவும் கரண்டியால் அள்ளிவிட்டால் நாற்றமே இராது. அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பிளம்பர் வந்து காரணத்தை வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு பூனைக்கு மாதம் தீனி ஆயிரத்து இருநூறு, மணல் அறுநூறு, மற்றவை இருநூறு என்று ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் எனக்கு ஆகிறது. இதைத் தவிர அவசரத்துக்கென்று பத்தாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

7. கருத்தடைக்குத் தேதி குறியுங்கள்

ஐந்தாறு மாதத்தில் செய்துவிட வேண்டும். பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயேகூடப் பருவத்துக்கு வரலாம், சினைக்காலம் ஒன்பது வாரம்தான். கடுவன் பூனை தாமதித்தால் சுவரெல்லாம் சிறுநீர் தெளித்து எல்லை வகுக்கத் தொடங்கும். அந்த நாற்றம் மூன்று முறை சுண்ணாம்பு அடித்தாலும் போகாது, முன்பணத்திலிருந்துதான் போகும்.

என் கடுவனுக்கு மூவாயிரம் ரூபாய் ஆனது. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் கூடுதலாகும். மயக்க மருந்துக்கு ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் கேட்பார்கள், தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள். எத்தனை மணிக்கு மேல் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்பதை எழுதி வாங்குங்கள். சனிக்கிழமை செய்துகொள்ளலாம், ஞாயிறு விடுமுறை இருக்கிறதே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை தையல் பிரிந்தால் மருத்துவமனை பூட்டியிருக்கும். வியாழக்கிழமை செய்து, வியாழனும் வெள்ளியும் விடுப்பு எடுங்கள். அறுவை முடிந்ததற்கான சான்றை வாடகை ஒப்பந்தத்தோடு வையுங்கள், அந்தப் பத்திக்கு அதுவே ஆதாரம்.

8. கத்திரி வெயில்

மே மாதத்தில் இந்த ஊர் நாற்பது பாகையைத் தாண்டிவிடும். மொட்டை மாடியில் சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறையில் இருப்பவர்கள், பகலில் அதைப் பூட்டிவிட்டுப் போவதானால் பூனை வளர்க்கக் கூடாது. மற்றவர்கள் மண்சட்டியில் இரண்டு இடங்களில் தண்ணீர் வைத்து, மேற்குச் சன்னலுக்கு ஈரக் கோணிப்பை தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டுப் போகலாம். மின்வெட்டு அறிவிப்பு வரும் நாளில் மதியம் ஒரு முறை வீட்டுக்கு வரப் பாருங்கள். பூனை வாயைத் திறந்து நாய்போல் மூச்சிரைத்தால் அது ஆபத்து. ஈரத்துணியால் உடம்பையும் பாதத்தையும் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

9. காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கடுவன் பூனை கழிப்புத் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அது மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். காய்ச்சலாக இருக்கிறதே என்று நமக்குப் போடும் பாராசிட்டமாலைக் கால்துண்டு கொடுத்தாலும் பூனைக்கு அது நஞ்சு. ஞாயிறும் இரவும் பார்க்கும் மருத்துவர் இருவரின் எண்ணைப் பூனை வந்த வாரமே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். இங்கே இயலாத சோதனைகளுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். சாலை வழியே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் இருப்பதால், நெடுந்தொலைவு வரும் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் எண்ணும் அந்தச் சுவரில் இருக்கட்டும்.

10. பெண் பார்க்கத் தொடங்கும்போது

வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகூட வாழும். நாம் அதுவரை தனிக்கட்டையாகவே இருப்போமா என்பது நம் கையில் மட்டும் இல்லை. என் அம்மா, நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது குறுக்கே வரும் என்று சொல்லி ஓராண்டு வீட்டுக்கே வரவில்லை. இப்போது வரும்போது நெத்திலி வாங்கி வருகிறார்.

வரன் பேசும்போது சம்பளத்தையும் சொந்த வீட்டையும் சொல்வது போலப் பூனையையும் சொல்லிவிடுங்கள். நிச்சயம் முடிந்தபின் "அதை எங்கேயாவது விட்டுட்டு வந்துடுங்க" என்று கேட்கப்படும் நிலை வரக் கூடாது. விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்த்த பிராணியைக் கைவிடுவதும் குற்றம். ஒவ்வாமை உள்ளவர் என்றால் முன்கூட்டியே தெரிந்தால்தான் வேறு வீடு பார்க்க அவகாசம் கிடைக்கும்.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனையே இருக்கக் கூடாது என்று உறவினர் சொல்வார்கள். மருத்துவர்கள் எச்சரிப்பது பூனையின் மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றித்தான். மலத்தோடு வெளிவந்த பின் அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும் என்பதால், தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து பெரிதும் குறைகிறது. அந்தப் பத்து மாதமும் தட்டைக் கணவன்தான் அள்ள வேண்டும், மனைவி அதைத் தொடவே கூடாது. இதையும் வரன் பேசும் நாளிலேயே சொல்லிவிடலாம். எனக்குப் பேசியபோது பெண்ணின் அத்தை கேட்ட முதல் கேள்வியே அதுதான்.